பருத்தி புடவையாய்க் காய்க்குமா?

எதிர்பாராத நன்மை கைமேல் வந்து சேர்ந்தால், 'பருத்தி புடவையாய்க் காய்த்தது போல' என்று சொல்வது நம் முன்னோர் வழக்கம். பஞ்சு பறிக்க வேண்டாம், விதை நீக்க வேண்டாம், நூற்க வேண்டாம், நெய்ய வேண்டாம். செடியிலேயே புடவை தொங்கினால் யாருக்குத்தான் மகிழ்ச்சி இருக்காது?

மாணவர்களே, இன்று கடைக்குப் போகும் நமக்குச் சட்டை அப்படித்தான் கிடைக்கிறது. மாட்டியில் தொங்குவதை எடுத்து, அளவு பார்த்து, பணம் கட்டி விடுகிறோம். கழுத்துப் பட்டையின் உட்புறம் தைத்திருக்கும் சிறிய பட்டியை மட்டும் ஒரு முறை பாருங்கள். '100% பருத்தி' என்றோ, '65% பாலியெஸ்டர், 35% பருத்தி' என்றோ இருக்கும். பாலியெஸ்டர் இழையை 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரு வேதியியலாளர்கள் உருவாக்கினார்கள். அது மலிவானது, சீக்கிரம் காயும், எளிதில் கசங்காது. அப்படியிருந்தும் கைக்குழந்தைக்குத் துணி எடுக்கும்போதும், வெயில் காலத்தில் கைலி எடுக்கும்போதும் நம் வீட்டுப் பெரியவர்கள் 'பருத்தியா?' என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள்.

அதற்குக் காரணம் வெறும் பழக்கம் அல்ல. பருத்தி இழையின் அமைப்பில்தான் விடை இருக்கிறது. பருத்தி உடலுக்கு இதமாக இருப்பதும், கசங்குவதும், சாயம் ஏற்பதும், கப்பலேறி மலாக்காவுக்கு வந்ததும், இன்று ஆறுகளை வற்ற வைப்பதும் அந்த ஒரே இழையின் கதைதான்.

விதைத் தோலில் முளைக்கும் உயிரணு

பருத்திப் பூ மலரும் நாளிலேயே உள்ளே வேலை தொடங்கி விடுகிறது. விதையாகப் போகும் பகுதியின் மேல்தோலில் உள்ள உயிரணுக்களில் ஒரு பகுதி மேலெழும்பி நீளத் தொடங்குகிறது. நீளும்போது இந்த உயிரணு இரண்டாகப் பிரிவதில்லை. ஒரே உயிரணுவாகவே இருந்து, ஏறத்தாழ மூன்று வாரங்களில் 2.5 முதல் 3 சென்டிமீட்டர் வரை நீண்டு விடுகிறது. அதன் அகலமோ ஏறத்தாழ 15 மைக்ரோமீட்டர்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரை 1,000 பாகமாக்கினால் அதில் 15 பாகம். இந்த இழையை 1,000 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், பூந்தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயின் பருமனில், ஒன்பது மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு நீண்டிருக்கும்.

உயிரணுவைக் காண நுண்ணோக்கி வேண்டும் என்று படித்திருப்பீர்கள். பருத்திப் பஞ்சில் ஓர் இழையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தால், ஒரு தனி உயிரணுவை வெறும் கண்ணாலேயே பார்க்கிறீர்கள். ஒரு விதையின் மேல் இத்தகைய இழைகள் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கும்.

நீளும் வேலை முடியும் தறுவாயில் அடுத்த கட்டம் தொடங்குகிறது. உயிரணுவின் உட்புறத்தில் செல்லுலோஸ் அடுக்கடுக்காகப் படிந்து சுவர் தடிக்கிறது. பூத்து ஏறக்குறைய 50 நாள்களில் காய் வெடிக்கிறது. வெயில் பட்டு இழைக்குள் இருந்த நீர் வெளியேற, உயிரணு இறந்து விடுகிறது. தண்ணீர் வடிந்ததும் தீயணைப்பு வண்டியின் துணிக்குழாய் தட்டையாவது போல, உருண்டையாக இருந்த இழையும் தட்டையாகிறது. அதோடு நிற்காமல் நாடா போல முறுக்கிக்கொள்கிறது. இந்த இயற்கையான முறுக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மனிதன் ஆடை உடுத்திய வரலாற்றில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இலவம் பஞ்சால் ஏன் சட்டை இல்லை?

'இலவு காத்த கிளி' கதை உங்களுக்குத் தெரியும். காய் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்குக் கடைசியில் கிடைத்தது பஞ்சுதான். அந்தப் பஞ்சை நூற்க நினைத்தவர்களும் கிளியைப் போலவே ஏமாந்திருப்பார்கள்!

நம் நாட்டில் மலாய்க்காரர்கள் கெகாபு என்று அழைப்பது இந்த இலவம் பஞ்சைத்தான். தலையணைக்கும் மெத்தைக்கும் அது நல்ல பொருள். வெள்ளையாக, மென்மையாக, பருத்தியைவிட லேசாகவும் இருக்கும். ஆனால் இலவம் இழை முறுக்கு இல்லாத வழுவழுப்பான குழாய். மேலே மெழுகுப் பூச்சும் உண்டு. இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கினால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு பிரிந்து விடும். உள்ளே காற்று அடைபட்டிருப்பதால் நீரில் மிதக்கும். முற்காலத்தில் உயிர்காப்பு மிதவைகளில் அதை அடைத்தார்கள்.

பருத்தி இழைகளை முறுக்கும்போது, அவற்றில் முன்பே இருக்கும் முறுக்குகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. இழைகளுக்கு இடையே உராய்வு விசை கூடுகிறது. மூன்று சென்டிமீட்டர் இழைகள் இப்படி ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்வதால்தான் மைல் கணக்கில் நூல் நூற்க முடிகிறது. பசை இல்லை, முடிச்சு இல்லை, உராய்வு மட்டுமே. ஒரு நூலைப் பிடித்து, முறுக்குக்கு எதிர்த் திசையில் திருகி மெல்ல இழுத்துப் பாருங்கள். உராய்வு போனதும் நூல் தானாகப் பிரிந்து வரும்.

சோறும் சட்டையும் ஒரே சர்க்கரையால் ஆனவை

முதிர்ந்து உலர்ந்த பருத்தி இழையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ்தான். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் வரிசையாகக் கோத்த சங்கிலி. நாம் உண்ணும் சோற்றின் மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிதான். ஆனால் கோத்திருக்கும் முறை வேறு. மாவுச்சத்தில் சங்கிலி சுருள்கிறது. செல்லுலோஸில் நேராக நீள்கிறது. நேரான சங்கிலிகள் அருகருகே நெருங்கி அடுக்கிக்கொள்வதால் இழைக்கு உறுதி கிடைக்கிறது. மாவுச்சத்தை உடைக்கும் நொதி நம் உடலில் உண்டு. செல்லுலோஸை உடைக்கும் நொதி இல்லாததால் சட்டையைத் தின்று பசியாற முடியாது. சில பூஞ்சைகளுக்கு அந்த நொதி உண்டு. ஈரத்தோடு மடித்து அலமாரியில் வைத்த பருத்தித் துணியில் கரும்புள்ளிகள் வருவது அதனால்தான்.

ஒவ்வொரு குளுக்கோஸ் அலகிலும் ஹைட்ராக்சில் குழுக்கள் இருக்கின்றன. ஓர் ஆக்சிஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்தது ஹைட்ராக்சில் குழு. நீர் மூலக்கூறிலும் இதே பிணைப்பு இருப்பதால், நீரும் செல்லுலோஸும் ஒன்றையொன்று எளிதில் கவர்கின்றன. இந்தக் கவர்ச்சிக்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். பாலியெஸ்டர் இழையில் இந்த வசதி மிகக் குறைவு.

எண்ணிக்கையில் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடு உள்ள அறையில் 100 கிராம் உலர்ந்த பருத்தியை வைத்தால், அது காற்றிலிருந்தே 7 முதல் 8 கிராம் நீராவியை எடுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை கிராமைக்கூட எடுக்காது.

வியர்வைக் கணக்கு

பள்ளித் திடலில் ஓடிவிட்டு வகுப்புக்கு வருகிறீர்கள். உடல் வியர்க்கிறது. வியர்ப்பதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. வியர்வை ஆவியானால்தான் குளிரும். தோலின் மேல் ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பம் தேவை. அதை உடலிலிருந்து எடுத்துக்கொண்டுதான் நீர் ஆவியாகிறது. 100 கிராம் வியர்வை முழுதும் ஆவியானால் 240 கிலோஜூல் வெப்பம் வெளியேறும். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியசுக்கும் சற்று அதிகமாகக் குறைக்க அது போதும். அதே வியர்வை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தால் அந்தப் பயன் கிடைக்காது.

பருத்தித் துணி வியர்வையைத் தோலிலிருந்து உறிஞ்சி, இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியே பரப்புகிறது. ஒரே இடத்தில் தேங்கி நின்ற வியர்வை அகன்ற பரப்பில் மெல்லியதாகப் பரவும்போது ஆவியாவது விரைவாகிறது. வியர்வை நீராவியாக இருக்கும்போதே இழை அதைக் கொஞ்சம் உள்வாங்கிக்கொள்வதால், நம் தோலுக்கும் துணிக்கும் நடுவே பிசுபிசுப்பு உடனே வருவதில்லை. பருத்தி 'மூச்சு விடுகிறது' என்று விளம்பரங்கள் சொல்வது இதைத்தான்.

இந்தப் பண்பின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரம் காற்பந்து விளையாடினால் பருத்திச் சட்டை வியர்வையில் ஊறிக் கனக்கும். இழைக்குள் புகுந்த நீர் எளிதில் வெளியேறாது. நம் நாட்டுக் காற்றிலோ ஈரப்பதம் அதிகம். ஆவியாதல் இன்னும் மெதுவாகும். விளையாட்டு ஜெர்சிகளைப் பாலியெஸ்டரில் செய்வது இதனால்தான். அந்த இழை நீரை உள்ளே எடுத்துக்கொள்ளாமல், இடைவெளிகள் வழியே மட்டும் கடத்துமாறு நெய்யப்படுகிறது. ஆகவே சீக்கிரம் காய்கிறது. குளிரான மலையில் ஏறுவோர் பருத்தி அணிவதைத் தவிர்ப்பதற்கும் இதுவே காரணம். நனைந்த பருத்தி உடல் சூட்டை வேகமாக இழக்கச் செய்யும்.

இஸ்திரிப் பெட்டியின் வேதியியல்

பருத்திச் சட்டையை இஸ்திரி போடும் முன் அம்மா தண்ணீர் தெளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் தெளிக்கிறார்?

செல்லுலோஸ் சங்கிலிகளை அருகருகே பிடித்து வைத்திருப்பவையும் ஹைட்ரஜன் பிணைப்புகள்தான். சட்டையோடு உட்கார்ந்து எழும்போது, உடலின் ஈரமும் சூடும் அழுத்தமும் சேர்ந்து சில பிணைப்புகளை விடுவிக்கின்றன. சங்கிலிகள் சற்று நகர்ந்து, மடிந்த நிலையிலேயே புதிய பிணைப்புகள் உண்டாகின்றன. அதுதான் கசங்கல். இஸ்திரி போடும்போது நடப்பதும் இதே செயல்தான். தெளித்த நீர் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து பிணைப்புகளைத் தளர்த்துகிறது. சூடும் அழுத்தமும் அவற்றை நேராக்குகின்றன. நீர் ஆவியானதும் நேரான நிலையில் பிணைப்புகள் மீண்டும் உண்டாகின்றன. கசங்குவதும் கசங்கல் நீங்குவதும் ஒரே வேதியியல்!

இன்னொரு வியப்பும் உண்டு. பல பொருள்கள் நனைந்தால் வலுவிழக்கும். பருத்தி இழையோ நனைந்தால் வலுக்கூடும். ரேயானும் செல்லுலோஸ்தான். ஆனால் மரக்கூழைக் கரைத்து மறுபடி இழையாக்குவதால் அதன் சங்கிலிகள் மிகக் குட்டையானவை. நனைந்தால் வலிமையில் பாதி அளவு குறைந்து விடும். பருத்தியின் சங்கிலிகள் நீளமானவை. கல்லில் அடித்துத் துவைத்தாலும், கொதிநீரில் போட்டாலும், ஆண்டுக்கணக்கில் பருத்தி தாங்குவதற்கு இதுவே காரணம்.

உலோகம் காத்துத் தந்த நூல்

பருத்தி எளிதில் மக்கும் பொருள். அப்படியானால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மக்கள் பருத்தி உடுத்தினார்கள் என்பது நமக்கு எப்படித் தெரியும்?

இன்றைய பாகிஸ்தானின் மெஹர்கர் என்ற இடத்தில், 7,000 ஆண்டுகளுக்கும் முந்திய ஒரு கல்லறையில் செப்பு மணி ஒன்று கிடைத்தது. அதன் துளைக்குள் சில பருத்தி நூலிழைகள் இருந்தன. செம்பு அரிப்புற்றபோது உண்டான உப்புகள் நுண்ணுயிர்களை அண்ட விடாமல் தடுத்து, இழையின் வடிவத்தைக் காத்து விட்டன. மொகஞ்சதாரோவிலும் இப்படித்தான். 4,000 ஆண்டுகளுக்கும் முந்திய ஒரு வெள்ளிக் கலத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த பருத்தித் துணித் துண்டு, சிவப்புச் சாயம் ஏறிய நிலையில் கிடைத்தது. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் உவாக்கா பிரியேட்டா என்ற இடத்தில், அவுரி நீலம் தோய்ந்த 6,000 ஆண்டுப் பழமையான பருத்தித் துணிகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள்.

இந்தியத் துணைக்கண்டம் எங்கே, பெரு எங்கே! இரு பகுதி மக்களும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனாலும் இருவரும் பருத்தியைக் கண்டுகொண்டார்கள். உலகில் ஏறத்தாழ 50 பருத்தி இனங்கள் உள்ளன. அவற்றுள் நான்கை மட்டுமே மனிதர்கள் பயிராக்கினார்கள். இரண்டு ஆசிய, ஆப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்தவை, இரண்டு அமெரிக்காவைச் சேர்ந்தவை. பழைய உலக இனங்களின் உயிரணுவில் 26 குரோமோசோம்கள். அமெரிக்க இனங்களில் 52. ஒன்று முதல் இரண்டு மில்லியன் ஆண்டுகளுக்கு முன், பழைய உலகப் பருத்தி வகை ஒன்றும் அமெரிக்கக் காட்டு வகை ஒன்றும் இயற்கையாகக் கலந்ததால் இந்த இரட்டிப்பு ஏற்பட்டது. இன்று உலகில் விளையும் பருத்தியில் ஏறத்தாழ 90 விழுக்காடு அந்த 52 குரோமோசோம் குடும்பத்தின் ஓர் இனம்தான்.

சாயவேரும் காயின் பெலிக்காட்டும்

பருத்தியின் பெருமையைக் கடல் கடக்க வைத்தது அதன் நிறம். ஆனால் இயற்கைச் சாயங்கள் பலவும் கம்பளியிலும் பட்டிலும் ஒட்டுவதுபோல் பருத்தியில் ஒட்டுவதில்லை. ஒரு முறை துவைத்தால் போய் விடும். இதற்குத் தீர்வு கண்டவர்கள் இந்தியச் சாயக்காரர்கள்.

சோழமண்டலக் கரையில் அவர்கள் செய்த முறை இது. முதலில் துணியைக் கடுக்காய்ச் சாற்றில் நனைப்பார்கள். கடுக்காயிலுள்ள துவர்ப்புப் பொருள் செல்லுலோஸைப் பற்றிக்கொள்ளும். அடுத்துப் படிகாரக் கரைசலைப் பூசுவார்கள். படிகாரத்திலுள்ள அலுமினியம் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து இழையில் நிலைக்கும். பிறகு சாயவேரைப் போட்டுக் காய்ச்சிய நீரில் துணியை இடுவார்கள். அந்த வேரிலுள்ள அலிசரின் என்ற பொருள் அலுமினியத்தைப் பிடித்துக்கொண்டு சிவப்பு நிறம் தரும். ஒரு புறம் இழை, மறு புறம் சாயம், நடுவில் இரண்டையும் பிடித்து நிற்கும் உலோகம். படிகாரத்துக்குப் பதிலாக இரும்புக் கரைசலைப் பூசிய இடம் மட்டும் கருமையாகும். வேதியியல் என்ற பெயரே இல்லாத காலத்தில் தறிக்காரரும் சாயக்காரரும் செய்த வேதியியல் இது.

இந்தத் துணிகள் பருவக்காற்றின் துணையோடு நம் பகுதிக்கு வந்தன. ஈரமும் மழையும் மிகுந்த மலாய்த் தீபகற்பம் பருத்திக்கு ஏற்ற நிலம் அல்ல. காய் வெடித்துப் பஞ்சு வெளியே நிற்கும் நேரத்தில் மழை பெய்தால் பஞ்சு கெட்டு விடும். அப்போது வறண்ட வெயில் தேவை. அதனால் இங்கே தேவைப்பட்ட பருத்தித் துணி பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது. 15ஆம் நூற்றாண்டு மலாக்காத் துறைமுகத்தில் குஜராத்தி வணிகர்களும் தமிழ் வணிகர்களும் இறக்கிய முக்கியச் சரக்கு பருத்தித் துணிதான். அதைக் கொடுத்துக் கிராம்பும் சாதிக்காயும் வாங்கினார்கள்.

அந்த வணிகம் மொழியில் தன் தடத்தை விட்டுச் சென்றிருக்கிறது. மலாய் மொழியில் பருத்திக்குக் 'காப்பாஸ்' என்று பெயர். அது 'கார்ப்பாச' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது. உங்கள் மலாய் நண்பர் வீட்டில் அவருடைய தந்தை உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குக் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் எது தெரியுமா? சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு! அந்தத் துறைமுகத்திலிருந்து ஏற்றுமதியான துணி, ஊரின் பெயரையும் சுமந்து வந்து விட்டது.

இயந்திரம் வந்தது, விலை யார் கொடுத்தார்?

17ஆம் நூற்றாண்டில் இந்தியப் பருத்தித் துணி இங்கிலாந்திலும் பரவியது. துவைத்தாலும் மங்காத வண்ணத் துணியை மக்கள் விரும்பி வாங்கியதால், அங்கிருந்த கம்பளி, பட்டு நெசவாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1700லும் 1721லும் அந்நாட்டு நாடாளுமன்றம் அத்துணிகளுக்குத் தடைச் சட்டங்கள் இயற்றியது. மறுபுறம், அதே துணியைத் தாங்களே செய்யும் முயற்சியும் தொடங்கியது. ஹார்கிரீவ்ஸின் பல கதிர் நூற்பு இயந்திரம், 1769இல் ஆர்க்ரைட்டின் நீராற்றல் இயந்திரம், 1779இல் கிராம்டனின் இயந்திரம் என்று அடுத்தடுத்து வந்தன. தொழிற்புரட்சி பருத்தி நூலைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது.

ஆலைகள் பஞ்சுக்காக ஏங்கின. அமெரிக்காவின் உட்பகுதிகளில் விளைந்த பருத்தியில் இழை விதையோடு இறுகப் பற்றியிருக்கும். ஒருவர் கையால் பிரித்தால் ஒரு நாளைக்கு அரைக் கிலோ பஞ்சு எடுப்பதே பெரும்பாடு. 1793இல் எலி விட்னி உருவாக்கிய, ஜின் எனப்படும் விதை பிரிக்கும் இயந்திரம் அந்தத் தடையை நீக்கியது.

உழைப்பைக் குறைக்கும் இயந்திரம் வந்தால் உழைப்பவர் துன்பம் குறையும் என்றுதானே நினைப்போம்? நடந்ததோ அதற்கு நேர்மாறு. விதை பிரிப்பது எளிதானதால் பருத்தி பயிரிடுவது பெரும் இலாபம் தந்தது, நிலம் விரிந்தது. ஆனால் பஞ்சைப் பறிக்க இன்னும் மனிதக் கைகளே வேண்டியிருந்தன. அந்தக் கைகள் அடிமைகளின் கைகள். 1790இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 700,000 அடிமைகள் இருந்தார்கள். 1860இல் அந்த எண்ணிக்கை 4 மில்லியனை நெருங்கியது. இந்தியாவிலோ, ஆலைத் துணி வந்து குவிந்ததால் கைத்தறியாளர்கள் பிழைப்பை இழந்தார்கள். காந்தி இராட்டையை விடுதலைப் போராட்டத்தின் சின்னமாக்கியதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

அறிவியல் கண்டுபிடிப்பு ஒன்று நல்லதா, கெட்டதா என்று கேட்டால், அதை யார், எதற்காகப் பயன்படுத்தினார் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஜின் இயந்திரம் நமக்குக் கற்றுத் தரும் பாடம் இது.

ஒரு சட்டை எத்தனை லிட்டர்?

இன்று பருத்தி கேட்கும் விலை தண்ணீர். உலகச் சராசரியாக ஒரு கிலோ பருத்தித் துணிக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் நீர் செலவாகிறது. செடி எடுத்துக்கொள்ளும் மழை நீரும் பாசன நீரும் இதில் அடங்கும். இடத்துக்கு இடம் அளவு மாறும். அப்படியானால் 200 கிராம் எடையுள்ள ஒரு டி-சட்டைக்கு 2,000 லிட்டர். ஒருவர் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் குடித்தால், அது 1,000 நாள் குடிநீர்!

மத்திய ஆசியாவின் ஏரல் கடல் ஒரு காலத்தில் உலகின் நான்காவது பெரிய ஏரி. அதற்கு நீர் கொண்டு வந்த இரண்டு ஆறுகளை 1960களிலிருந்து சோவியத் அரசு பருத்தி வயல்களுக்குப் பெருமளவில் திருப்பி விட்டது. ஏரி சுருங்கியது, உப்பு ஏறியது, மீன்கள் மடிந்தன. 2007 வாக்கில் பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்குதான் எஞ்சியது. ஒரு காலத்தில் மீன்பிடிப் படகுகள் மிதந்த இடம் மணல்வெளியானது.

'அப்படியானால் பாலியெஸ்டரே மேல்' என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். அது பெட்ரோலியத்திலிருந்து வருகிறது; தண்ணீர் போத்தல் செய்யும் அதே பிளாஸ்டிக்தான். சலவை இயந்திரத்தில் ஒவ்வொரு முறை போடும்போதும் அதிலிருந்து நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள் உதிர்ந்து ஆற்றுக்கும் கடலுக்கும் போகின்றன. பருத்தி இழையும் உதிரும். ஆனால் செல்லுலோஸை உண்ணும் நுண்ணுயிர்கள் உண்டு. பிளாஸ்டிக் இழை மிக நீண்ட காலம் அப்படியே கிடக்கும்.

எந்த இழை என்ற கேள்விக்கு அடுத்து, எத்தனை நாள் உடுத்துகிறோம் என்றும் கேட்க வேண்டும். 2,000 லிட்டரில் உருவான சட்டையை 20 முறை மட்டும் உடுத்தி வீசினால், ஒரு முறைக்கு 100 லிட்டர். 100 முறை உடுத்தினால் ஒரு முறைக்கு 20 லிட்டர்தான். பொத்தான் போனால் தைப்பதும், அண்ணன் சட்டையைத் தம்பி போடுவதும், பழைய கைலி துடைப்புத் துணியாவதும் நம் வீடுகளில் சிக்கனத்துக்காகச் செய்தவை. இந்தக் கணக்கின்படி அவை சிறந்த சுற்றுச்சூழல் செயல்கள். இழை நீண்ட நாள் உழைக்கும் திறன் கொண்டது. அதைப் பாதியில் வீணாக்குவது நாம்தான்.

நினைவில் கொள்க

• பருத்தி இழை ஒரே உயிரணு. உலரும்போது ஏற்படும் முறுக்கால் நூற்க முடிகிறது.
• ஹைட்ராக்சில் குழுக்கள் நீரைக் கவர்வதால் வியர்வையை உறிஞ்சுகிறது. அதே காரணத்தால் மெதுவாகக் காய்கிறது, கசங்குகிறது.
• இதமாக இருக்க, அன்றாட உடைக்கு: பருத்தி. கடும் விளையாட்டுக்கு: ஜெர்சி. பள்ளிச் சீருடையில் இரண்டையும் கலப்பது, கசங்காமையும் இதமும் ஓரளவு சேர்ந்து கிடைப்பதற்காக.
• ஆய்வகத்தில் பருத்தி மேலங்கி பாதுகாப்பானது. பருத்தியும் எரியும்; ஆனால் பாலியெஸ்டரைப் போல் உருகித் தோலில் ஒட்டாது.

செய்து பார்ப்போம்

தேவையானவை: ஒரே அளவில் வெட்டிய பழைய பருத்தித் துணி, பழைய ஜெர்சித் துணி, சமையலறைத் தராசு, நீர், கடிகாரம். பல முறை துவைத்த துணியையே எடுங்கள். புதுத் துணியில் உள்ள கஞ்சியும் பூச்சும் முடிவை மாற்றி விடும்.

1. இரண்டு துணிகளையும் உலர்ந்த நிலையில் நிறுத்து எழுதுங்கள்.
2. ஐந்து நிமிடம் நீரில் ஊற வைத்து, சொட்டு நிற்கும் வரை தொங்க விட்டு மீண்டும் நிறுங்கள்.
3. இரண்டையும் ஒரே இடத்தில் காயப் போட்டு, 20 நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்து அட்டவணைப்படுத்துங்கள்.
4. நேரத்துக்கு எதிராக எடையைக் குறித்து வரைபடம் வரையுங்கள்.

இச்சோதனையில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எவை? சோதனைக்கு முன்பே கருதுகோளை எழுதி விடுங்கள்.

பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரின் அனுமதியோடு, பருத்தி இழை ஒன்றையும் இலவம் இழை ஒன்றையும் நுண்ணோக்கியில் பார்த்து, முறுக்கு எதில் உள்ளது என்று வரைந்து காட்டுங்கள்.

சிந்தித்து விடையளியுங்கள்

1. வியர்வை ஆவியாகாமல் சொட்டினால் உடல் ஏன் அவ்வளவாகக் குளிர்வதில்லை?
2. பாலியெஸ்டர் சட்டையில் தண்ணீர் தெளிக்காமல் இஸ்திரி போட்டாலும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. ஏன்?
3. பருத்தி நூல் செப்பு மணிக்குள் பிழைத்தது, மண்ணுக்குள் பிழைக்கவில்லை. காரணம் கூறுக.
4. உங்கள் அலமாரியில் உள்ள ஐந்து சட்டைகளின் பட்டிகளைப் படியுங்கள். ஒவ்வொன்றையும் இதுவரை ஏறத்தாழ எத்தனை முறை உடுத்தியிருப்பீர்கள்? பருத்திச் சட்டைகளுக்கு, ஒரு முறைக்கு எத்தனை லிட்டர் நீர் என்று கணக்கிட்டு வகுப்பில் ஒப்பிட்டுப் பாருங்கள்.